பழைய டியூடர் பாணி வீட்டின் வெளிப்புறத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்தல்: படிப்படியான முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, அமெரிக்காவில் 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும், இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகளைப் பின்பற்றிக் கட்டப்பட்ட டியூடர் பாணி வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. செங்குத்தாகச் சரியும் கூரை, கீழ்த்தளத்தில் செங்கல், மேல்தளத்தில் ஸ்டக்கோ எனப்படும் சாந்துப் பூச்சு, அந்தப் பூச்சின் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மரச்சட்டங்கள், ஈயப் பட்டிகளில் கோத்த சிறுசிறு கண்ணாடிகள் கொண்ட ஜன்னல்கள் ஆகியவை அவற்றின் பொதுவான உறுப்புகள். இத்தனை வகைப் பொருள்கள் ஒரே முகப்பில் கூடியிருப்பதால், மற்ற வீடுகளுக்குப் பயன்படும் 'சுவருக்கு ஒன்று, ஓரத்துக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று' என்னும் கணக்கு இங்கே சரிவருவதில்லை.

புதிதாக இவ்வகை வீட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் கதவின் நிறத்திலோ இணையத்தில் பார்த்த ஒரு படத்திலோ தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வண்ணமே பூசப்படாத பகுதிகள்தாம். வீட்டின் நிறத்தில் பாதியைச் செங்கல்லும் கூரையும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. மீதிப் பாதியை அவற்றோடு ஒத்துப்போகுமாறு நிரப்புவதே நம் வேலை. கீழே உள்ள படிகளின் வரிசை அந்த அடிப்படையில் அமைந்தது. வரிசையை மாற்றினால், பின்னால் எடுக்கும் முடிவு முன்னால் எடுத்ததைக் கலைத்துவிடும்.

1. நிற அட்டையைக் கையில் எடுக்கும் முன்

முதலில் அனுமதி. வீடு உள்ளூர் மரபுப் பகுதியொன்றில் இருந்தால், வெளிப்புற மாற்றங்களை ஒரு குழு பரிசீலிக்கக்கூடும். நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கார்டன்ஸ் போன்ற இடங்களில் வீட்டுப் பத்திரத்தோடு சேர்ந்தே விதிமுறைகள் வருகின்றன. சில ஊர்களில் நிறத்தைப் பற்றிக் கவலைப்படமாட்டார்கள். ஆனால் பூசாத செங்கல்லைப் பூசுவதற்கு மட்டும் தடை இருக்கும். நகராட்சிக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கூரை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்குள் கூரை மாற்ற வேண்டியிருந்தால், அதன் நிறத்தை இப்போதே முடிவு செய்ய வேண்டும். டியூடர் வீட்டில் கூரை மிகச் செங்குத்தாக இருப்பதால், தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குச் சுவருக்கு நிகரான பரப்பாக அது தெரியும். பழுப்புக் கூரைக்கென்று தேர்ந்த சுவர் நிறம், நீலச் சாம்பல் கூரை வந்தவுடன் அழுக்கேறியதுபோல் தோன்றும்.

மூன்றாவது, ஈரம். பூச்சு உப்பியிருக்கும் இடம், மரச்சட்டத்தின் அடிமுனை மெத்தென்றிருக்கும் இடம், புகைபோக்கியை ஒட்டிய கறை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து சரிசெய்த பிறகே நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கசிவை மூடி அதன்மேல் பூசிய எந்த நிறமும் ஓரிரு குளிர்காலங்களில் உரிந்துவிடும்.

தேவையான பொருள்கள் அதிகமில்லை: அச்சுக்குப் பயன்படும் வெள்ளைத் தாள், மரத்தின் ஈரப்பதம் அளக்கும் கருவி, பிரைமர் என்னும் அடிக்கோட்டு பூசிய சில பலகைகள், மெல்லிய மரப்பட்டிகள், ஒரு சுரண்டுகத்தி, கைபேசிக் கேமரா, குறிப்பேடு.

2. ஈயச் சோதனை

அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பது 1978இல் தடை செய்யப்பட்டது. 1920களின் வீட்டில், பிற்காலத்தில் எத்தனை கோட்டுகள் ஏறியிருந்தாலும், அடியில் ஈயம் இருக்கிறது என்றே கொண்டு தொடங்குவது பாதுகாப்பு. ஆய்வகத்துக்கு ஒரு துணுக்கை அனுப்பி உறுதி செய்துகொள்ளலாம்.

நிறம் தேர்வதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த படியில் சுவரைச் சற்றே சுரண்டிப் பார்க்கப் போகிறோம். பின்னர் பழைய கோட்டுகளை எவ்வளவு அகற்றுவது என்பதையும் செலவையும் இந்தச் சோதனையே தீர்மானிக்கிறது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கூட்டரசுச் சுற்றுச்சூழல் விதிப்படி, 1978க்கு முந்தைய வீட்டின் வெளிப்புறத்தில் 20 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்ட்டைக் கலைக்கும் ஒப்பந்தக்காரர் அதற்கான சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போதே சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குடியிருப்பவர் தன் சொந்த வீட்டில் தானே செய்யும் வேலைக்கு அந்த விதி பொருந்தாது. தூசுக்கு அந்த வேறுபாடு தெரியாது. உலர்ந்த நிலையில் தேய்ப்பதும், நெருப்புச் சுடரால் பெயின்ட்டை எரித்து எடுப்பதும் கூடவே கூடாது. தண்ணீர் தெளித்து, அடியில் தடித்த பிளாஸ்டிக் விரித்து, குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டுச் சுரண்ட வேண்டும்.

3. பூசாத பொருள்களைக் கணக்கெடுத்தல்

மேகமூட்டமான ஒரு நாளில் வீட்டைச் சுற்றி நடந்து, வண்ணம் ஏற்காத ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: செங்கல், செங்கல் இடுக்குச் சாந்து, கருங்கல், கூரை ஓடு, புகைபோக்கி, தாமிர வாரி (கூரையோரத்து மழைநீர்த் தொட்டி), நடைபாதைக் கல், வாசலின் ஓக் கதவு. நேர்வெயில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கிக் காட்டும் என்பதால் மேகமூட்டம் தேவை.

பிறகு ஒவ்வொன்றின் அடிநிறத்தைக் கண்டறிய வேண்டும். வெள்ளைத் தாளைச் செங்கல்லின் மேல் ஒட்டினாற்போல் பிடித்துப் பார்த்தால், 'சிவப்பு' என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடும் செங்கல் உண்மையில் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறதா, கத்தரிப்பூ நிறத்தின் பக்கம் சாய்கிறதா என்பது உடனே தெரியும். அந்தக் காலத்துச் செங்கற்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. கூடுதலாகச் சுட்டதால் கருநீலமேறிய கற்களும், மணல் நிறக் கற்களும் இடையிடையே இருக்கும். அவற்றில் மிக வெளிர்ந்த கல் எது, மிகக் கருத்த கல் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடுக்குச் சாந்தையும் மறக்க வேண்டாம். அது வெண்மையா, சாம்பலா, மணல் நிறமா என்பது பின்னால் ஸ்டக்கோ நிறத்தை நேரடியாகத் தீர்மானிக்கும்.

ஸ்லேட் எனப்படும் கற்பலகை ஓட்டுக்கும் இதையே செய்யலாம். தொலைவிலிருந்து சாம்பலாகத் தெரியும் ஸ்லேட், அருகில் பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். கூரை ஏற வேண்டியதில்லை; தோட்டத்தில் எங்காவது உடைந்து விழுந்த ஒரு துண்டு கிடைக்கும்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பூசாத செங்கல்லைப் பூசாதீர்கள். பூசிய செங்கல்லுக்குள் புகும் நீர் எளிதில் வெளியேற முடியாமல் தங்கி, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லின் முகத்தையே பெயர்த்து எடுக்கும். இதற்கு முன்பே யாராவது பூசியிருந்தால், மணல் வீசித் தேய்த்து எடுக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். செங்கல்லின் கடினமான வெளித்தோல் அதில் போய்விடும். போனது திரும்பி வராது.

4. அடியில் இருக்கும் பழைய நிறத்தைப் பார்த்தல்

இந்தப் படி கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு மணி நேரத்தில் முடியும், நிறைய சொல்லித்தரும். வெயிலும் மழையும் படாத இடங்களைத் தேடுங்கள்: வாசல் விளக்கின் அடிப்பட்டைக்குப் பின்புறம், மழைநீர்க் குழாயின் பிடிக்குப் பின்புறம், இறவாரத்தின் உள்மூலை. மரச்சட்டத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தைத் தண்ணீர் தொட்ட நுண்ணிய உப்புத்தாளால் வட்டமாக, மையத்தில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேய்த்தால், ஒவ்வொரு கோட்டும் தனி வளையமாகத் தெரியும். மேலே கருப்பு, அதன் கீழே சாக்லேட் பழுப்பு, அதற்கும் கீழே பச்சை கலந்த ஒரு பழுப்பு, கடைசியில் மரம் என்று வளையங்கள் விரியும்போது, இன்றைய கருப்பு பிற்காலத்தில் வந்தது என்பது விளங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய எண்ணெய் பெயின்ட் காலப்போக்கில் மஞ்சளித்திருக்கும். ஆகவே வளையத்தில் தெரியும் நிறத்தை அப்படியே கடையில் கொடுத்துப் பிரதியெடுக்கச் சொன்னால், முன்பு இருந்ததைவிட மங்கலான ஒன்று கிடைக்கும். அடுத்தது, மிகவும் அடியில் இருப்பது பெயின்ட்டாக இல்லாமல் மரத்துக்குள் ஊறிய ஸ்டெயின் என்னும் மரச்சாயமாக இருக்கலாம். பல வீடுகளில் சட்டங்கள் முதலில் ஸ்டெயின் மட்டுமே கண்டவை. இன்றும் ஸ்டெயின் நிலையிலேயே இருக்கும் சட்டங்களுக்கு மறுபடி ஸ்டெயினே கொடுக்கலாம். அவற்றின்மேல் ஒருமுறை பெயின்ட் ஏறிவிட்டால் திரும்புவது பெரும்பாடு.

ஸ்டக்கோவிலும் இதே கவனம் வேண்டும். அதன்மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். உடனே உறிஞ்சிக் கருமையானால், அது இதுவரை பெயின்ட் காணாத பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். சாந்திலேயே நிறம் கலந்து பூசிய சுவர்கள் அக்காலத்தில் சாதாரணம். அத்தகைய சுவர் நல்ல நிலையில் இருந்தால், கழுவிவிட்டு அப்படியே விடுவதுதான் மலிவும் அழகுமான முடிவு.

5. வெளிச்சத்துக்கும் கருமைக்கும் எவ்வளவு இடைவெளி என்று முடிவு செய்தல்

டியூடர் வீட்டின் தோற்றத்தைச் சட்டமும் ஸ்டக்கோவும் தனித்தனியே என்ன நிறம் என்பதைவிட, அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதே அதிகம் மாற்றுகிறது. நிறப் பெயர்களுக்குள் நுழையும் முன் இதை முடிவு செய்யாதவர்கள், எத்தனை மாதிரிக் குப்பி வாங்கினாலும் திருப்தி அடைவதில்லை.

கருப்புச் சட்டம், பால்வெள்ளைச் சுவர் என்பதே 'உண்மையான' டியூடர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் ஓக் சட்டங்கள் பல பகுதிகளில் பூசப்படாமல் வெள்ளிச் சாம்பலாக முதிர விடப்பட்டன. சஃபோக் வட்டாரத்து லாவனம் ஊரில் இன்றும் அவ்வாறு பார்க்கலாம். அழுத்தமான கருப்பு வெள்ளை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் பரவிய விருப்பம். ஆகவே, மரபு கட்டாயப்படுத்துகிறது என்று நினைத்து அதைத் தேர வேண்டியதில்லை. உங்கள் முகப்புக்குப் பொருந்தினால் மட்டும் தேருங்கள்.

பொருத்தத்தைக் கண்டறிய, சட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஒரு முக்கோணச் சுவரில் நான்கைந்து அகலமான சட்டங்கள், அவற்றுக்கிடையே தாராளமான வெற்றிடம் என்றிருந்தால், அழுத்தமான இடைவெளியை முகப்பு தாங்கும். சட்டங்கள் நெருங்கி நெருங்கி நிற்கும் முகப்பில் அதே கருப்பு வெள்ளையைப் பூசினால், கண் தங்க இடமின்றி முகப்பு வரிக்குதிரையாகிவிடும். அங்கே இடைவெளியைக் குறைக்க வேண்டும்: சட்டத்தைக் கருப்பிலிருந்து பழுப்புக்கும், சுவரை வெள்ளையிலிருந்து மணல் நிறத்துக்கும் ஒரு படி நகர்த்தினால் போதும்.

மரத்தின் தரமும் முக்கியம். இவ்வீடுகளில் சட்டங்கள் பெரும்பாலும் வீட்டைத் தாங்குபவை அல்ல. சுவரின்மேல் ஆணியடித்துப் பொருத்திய பலகைகள். நல்ல கனமும் செதுக்கிய முகமும் உள்ள பலகைகள் எந்த நிறத்திலும் எடுபடும். பிற்காலத்தில் யாரோ மெல்லிய ஒட்டுப்பலகைக் கீற்றுகளை வைத்து மாற்றியிருந்தால், அழுத்தமான நிறம் அந்த மெல்லிய ஓரத்தையும் சரியாகச் சேராத மூட்டையும் வெளிச்சம் போட்டுக் காட்டும். அத்தகைய வீட்டுக்கு நான் இடைவெளி குறைந்த ஜோடியையே சொல்வேன்.

இதை அளக்க எளிய வழி இருக்கிறது. பெயின்ட் நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்னும் ஒளி பிரதிபலிப்பு எண்ணைத் தருகின்றன. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. அடர்பழுப்புகள் பெரும்பாலும் 5 முதல் 10க்குள் இருக்கும். தூய வெள்ளைகள் 85க்கு மேல். இரண்டுக்கும் இடையே 75க்கு மேல் வித்தியாசம் வந்தால் அது அழுத்தமான ஜோடி. 40 முதல் 60 வரை என்றால் மிதமானது. நெருக்கமான சட்டங்கள் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு 50ஐ ஒட்டிய வித்தியாசம் நன்றாக அமைவதைப் பார்த்திருக்கிறேன். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படத்தைக் கைபேசியில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், இன்றைய இடைவெளி கூடுதலா குறைவா என்பது நிறத்தின் குறுக்கீடு இல்லாமல் தெரியும்.

6. ஸ்டக்கோவின் நிறம்

மூன்றாம் படியில் எழுதிய இடுக்குச் சாந்தின் நிறத்தையும், மிக வெளிர்ந்த செங்கல்லின் நிறத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டக்கோவின் நிறம் இந்த இரண்டுக்கும் நடுவே, அல்லது சாந்தைவிடச் சற்றே வெளிர்ந்து அமைய வேண்டும். கீழ்த்தளத்திலிருக்கும் ஒரு நிறம் மேல்தளத்தில் மறுபடி வரும்போது இரண்டு தளங்களும் ஒரே வீடாகச் சேர்கின்றன என்பதே காரணம்.

ஆரஞ்சுச் சாயலுள்ள செங்கல்லுக்கு வெண்ணெய் நிறம், சந்தன நிறம், வெளிர்க் காவி ஆகியவை இசையும். கத்தரிப்பூச் சாயலுள்ள செங்கல்லுக்குச் சாம்பல் கலந்த மணல் நிறம் இசையும். மஞ்சள் தூக்கலான கிரீம் அங்கே செங்கல்லோடு சண்டையிடும். கருங்கல் முகப்பென்றால், கல்லில் தெரியும் மிக வெளிர்ந்த புள்ளியின் நிறத்தைப் பிடியுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் வெள்ளை. அட்டையில் மென்மையாகத் தெரிந்த ஒரு வெள்ளை, நண்பகல் வெயிலில் முழுச் சுவராக எழும்போது கண்ணைக் கூசவைக்கும். நூறாண்டு கண்ட செங்கல் அதன் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். பரப்பு கூடக்கூட நிறம் வெளிர்ந்தும் தூக்கலாகவும் தோன்றும் என்பதால், அட்டையில் சற்று மங்கல் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அடுத்த நிறமே பெரும்பாலும் சரியானதாக இருக்கும்.

7. மரச்சட்டத்தின் நிறம்

இதற்கு ஸ்டக்கோவின் நிறத்தோடு கூரையையும் மிகக் கருத்த செங்கல்லையும் பாருங்கள். சூடான அடிநிறமுள்ள கூரைக்குக் காப்பிப் பழுப்பு, கருகிய பழுப்பு போன்றவையும், சாம்பல் ஸ்லேட்டுக்குச் சாம்பல் கலந்த பழுப்பும், பச்சை ஸ்லேட்டுக்குப் பச்சை இழையோடும் அடர்பழுப்பும் பொருந்தும். கருப்புதான் வேண்டும் என்போர், பழுப்பு கலந்த கருப்பைக் கேளுங்கள். தூய கருப்பில் பெரும்பாலும் நீலம் ஒளிந்திருக்கும். செங்கல்லுக்குப் பக்கத்தில் அது இரும்புக் கம்பிபோல் தெரியும்.

தெற்கு, மேற்கு முகங்களில் அடர்நிறம் மரத்தைக் கடுமையாகச் சூடாக்கும். சூட்டில் பலகை சுருங்கி, ஸ்டக்கோவோடு சேரும் விளிம்பில் பிளவு உண்டாகி, மழைநீர் உள்ளே செல்லும். நாள் முழுவதும் வெயில் வாங்கும் முகப்பில் கருப்பைத் தவிர்த்து நடுத்தரப் பழுப்பைத் தேர்வதற்கு அழகு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இறவாரப் பலகை, கூரை ஓரத்துச் சாய்வுப் பலகை ஆகியவற்றுக்குச் சட்டத்தின் நிறமே போதும். அங்கே புதிதாக ஒரு நிறத்தை நுழைத்தால், கவனம் முகப்பிலிருந்து விளிம்புக்குப் போய்விடும்.

8. ஜன்னல், கதவு, வாரி

ஜன்னல் சட்டத்துக்கு இரண்டு வழிகள். அடர்நிறம் கொடுத்தால், வெளியிலிருந்து கண்ணாடியும் கருமையாகவே தெரிவதால் ஜன்னல் முழுதும் ஒரே நிழலாக ஒடுங்கிக்கொள்ளும். கிரீம் கொடுத்தால் ஒவ்வொரு ஜன்னலும் முன்வந்து நிற்கும். மரச்சட்டங்களே ஏராளமாக இருக்கும் முகப்பில் ஜன்னலும் முன்வந்தால் கூட்டம் அதிகமாகிவிடும். ஆகவே அங்கே அடர்பச்சை, அடர்பழுப்பு, செங்கருமை போன்றவை நல்லவை. எஃகு ஜன்னல்களுக்கும் இவையே பொருந்தும். கண்ணாடிகளைக் கோக்கும் ஈயப் பட்டிகளின்மேல் பெயின்ட் படவே கூடாது.

வாசற்கதவு ஓக் மரமாக, பழைய மெருகோடு இருந்தால் அதைத் தொடாதீர்கள். எண்ணெயோ வார்னிஷோ போதும். ஏற்கெனவே பூசப்பட்ட கதவென்றால், வீட்டில் தனித்துத் தெரிய அனுமதிக்கப்படும் ஒரே நிறம் அதுவே. புட்டிப் பச்சை, ஆழ்ந்த சிவப்பு, மை நீலம் எதுவாகவும் இருக்கலாம். செங்கல் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தால் மட்டும் சிவப்பைத் தவிர்க்க வேண்டும். இரண்டு சிவப்புகளும் ஒன்றையொன்று கெடுக்கும்.

அலுமினிய வாரிக்கு அதன் பின்னால் இருக்கும் பலகையின் நிறம். செங்குத்துக் குழாய்க்கு அது கடந்துபோகும் சுவரின் நிறம். செங்கல்லைக் கடக்கும் பகுதிக்குச் செங்கல்லின் கருத்த நிறம். தாமிரம் என்றால் விட்டுவிடுங்கள்.

9. மாதிரிப் பலகை

சுவரில் நேரடியாக ஐந்தாறு சதுரங்கள் பூசிப் பார்ப்பதுதான் வழக்கம். அதில் இரண்டு குறைகள் உள்ளன. பழைய நிறம் சுற்றிலும் இருப்பதால் புதியதைக் கண் சரியாக எடைபோடாது. மேலும், பல நிறுவனங்களின் மாதிரிக் குப்பிகள் வெளிப்புறத்தில் நிலைக்கும் தரத்தில் செய்யப்படுவதில்லை. அவற்றின் மேலேயே இறுதிக் கோட்டைப் பூசினால் அந்த இடத்தில் பிடிப்பு பலவீனமாகலாம்.

இரண்டடிக்கு மூன்றடி அளவில், பிரைமர் பூசிய பலகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டக்கோ நிறத்தை ஓரம் வரை இரண்டு கோட்டு பூசுங்கள். ஓரத்தில் வெள்ளை விடக்கூடாது. அந்த வெள்ளை விளிம்பு நிறத்தைக் கருமையாக்கிக் காட்டும். தனியாக, உங்கள் சட்டத்தின் அகலத்தில் வெட்டிய மரப்பட்டிகளில் சட்ட நிறங்களைப் பூசுங்கள். பட்டியைப் பலகையின் நடுவே நிறுத்திப் பார்க்கும்போதுதான் ஜோடியைப் பார்க்கிறீர்கள். பட்டிகளை மாற்றி மாற்றி வைக்க முடிவதால், மூன்று பலகையும் மூன்று பட்டியும் ஒன்பது ஜோடிகளைத் தரும்.

பலகையைப் புல்லில் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். படுத்த பலகையில் வானத்தின் ஒளி முழுதாக விழும். சுவரில் அப்படி விழாது. செங்கல் முடிந்து ஸ்டக்கோ தொடங்கும் இடத்தில் ஏணியின் துணையோடு செங்குத்தாகச் சாய்த்து, முப்பது நாற்பது அடி தள்ளி நின்று பாருங்கள். காலை, நண்பகல், மாலை, மேகமூட்டம், மழை பெய்து செங்கல் நனைந்திருக்கும் நேரம் ஆகிய எல்லாவற்றிலும் பார்க்க வேண்டும். நனைந்த செங்கல் பல படிகள் கருமையாகும். மழை அதிகமுள்ள ஊரில் ஆண்டின் பெரும்பகுதி நீங்கள் பார்க்கப்போவது அந்த நிறத்தைத்தான். வடக்குச் சுவரின் ஒளியில் நீலம் அதிகம் என்பதால், சாம்பல் சாயலுள்ள நிறங்கள் அங்கே குளிர்ந்து போகும். வீட்டின் முகப்பு வடக்கு நோக்கியிருந்தால், இறுதி முடிவை அங்கேதான் எடுக்க வேண்டும்.

ஒரு நுட்பம்: வழவழப்பான பலகையைவிடச் சொரசொரப்பான ஸ்டக்கோ, தன் மேடுபள்ளங்களின் நிழலால், அதே நிறத்தைச் சற்றுக் கருமையாகக் காட்டும். பரப்பு பெரிதாவதால் வரும் வெளிர்ப்பை இது ஓரளவு சமன்செய்யும். எவ்வளவு என்பது உங்கள் ஸ்டக்கோவின் சொரசொரப்பைப் பொறுத்தது. ஆகவே, ஒரு நிறத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த நிறத்தில் உண்மையான வெளிப்புறப் பெயின்ட்டைக் குறைந்த அளவில் வாங்கி, பின்பக்கச் சுவரில் இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட ஒரு கட்டத்தை முழுதாகப் பூசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. எந்த வகைப் பெயின்ட், எவ்வளவு பளபளப்பு

ஒரே நிறம், பூச்சின் வகை மாறினால் வேறாகத் தெரியும். அதனால் இதுவும் நிறத் தேர்வின் ஒரு பகுதியே. ஸ்டக்கோவுக்குப் பளபளப்பே இல்லாத மேட் வகை. பளபளப்பு சேர்ந்தால் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட இடமும் வெயிலில் மின்னும். இதுவரை பூசாத ஸ்டக்கோவைப் பூசியே ஆக வேண்டுமென்றால், நீராவியை வெளியேற விடும் சிலிக்கேட் பெயின்ட்டோ சுண்ணாம்புப் பூச்சோ சிறந்தது. இவை கனிமப் பரப்போடு ஒன்றிப் பிடிப்பவை. ஏற்கெனவே அக்ரிலிக் என்னும் செயற்கைப் பிசின் பெயின்ட் ஏறிய சுவரில் நிற்கமாட்டா. அங்கே தரமான அக்ரிலிக் மேட் பூசுவதே வழி. சிறு வெடிப்புகளை ரப்பர்போல் மூடுவதாகச் சொல்லி விற்கப்படும் தடித்த பூச்சுகளை நான் பழைய ஸ்டக்கோவுக்குப் பரிந்துரைப்பதில்லை. எங்காவது ஓரிடத்தில் உள்ளே புகுந்த நீரை அவை வெளியே விடாது.

புதிதாகச் சாந்து பூசிச் சீர்செய்த இடங்களை அக்ரிலிக் பூசும் முன் ஏறத்தாழ 28 நாள் ஆறவிட வேண்டும். ஆறாத புதுச் சாந்தின் காரம் நிறத்தைத் திட்டுத்திட்டாக வெளுக்கச் செய்யும். பிறகு பழியைப் பெயின்ட் கடைமேல் போடுவார்கள்.

சட்டங்களுக்குக் குறைந்த மெருகுள்ள சாட்டின், கதவுக்கும் ஜன்னலுக்கும் அதைவிட ஒரு படி கூடுதல். ஓக், சீடார் போன்ற மரங்களிலிருந்து ஊறும் கறை வெளிர்நிறங்களில் பழுப்பாக மேலே வரும் என்பதால், வெறும் மரத்துக்கு அதைத் தடுக்கும் எண்ணெய் பிரைமர் அவசியம்.

அளவுக் கணக்கில் ஏமாறாதீர்கள். ஒரு கேலன் 350 முதல் 400 சதுர அடி வரும் என்று டப்பாவில் எழுதியிருப்பது வழவழப்பான பரப்புக்கு. சொரசொரப்பான ஸ்டக்கோவில் அதில் பாதி வந்தாலே நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கும்போது நிறம் மயிரிழை மாறும். ஆகவே முழு அளவையும் ஒரே முறையில் வாங்கி, டப்பாக்களைப் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள்.

11. பூசும் வரிசை

கழுவும்போது அழுத்தமான நீர்ப்பீய்ச்சி வேண்டாம். பலகைக்குப் பின்னால் நீரைத் திணித்துவிடும். மென்மையான தூரிகையும் தோட்டக் குழாயும் போதும். பிறகு மரம் உலர வேண்டும். ஈரப்பதக் கருவியில் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்தபின்தான் பிரைமர். பலகைகளின் வெட்டுமுனைகளுக்குக் கூடுதலாக ஒரு கோட்டு கொடுங்கள். நீர் முதலில் உறிஞ்சப்படுவது அங்கேதான்.

அடுத்து, மரமும் ஸ்டக்கோவும் சேரும் விளிம்பில், இடுக்கை அடைக்கும் பசையான சீலண்ட். மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் வைக்க வேண்டும். கிடைமட்டச் சட்டத்தின் கீழ் விளிம்பைத் திறந்தே விட வேண்டும். எப்படியோ உள்ளே போன நீருக்கு வெளியேற அது ஒன்றே வழி. எல்லா விளிம்பையும் 'பத்திரமாக' அடைத்துவிட்டுச் சில ஆண்டுகளில் பலகை உளுத்துப்போனதாக வருந்தும் வீடுகளை நிறையப் பார்க்கலாம்.

பிறகு ஸ்டக்கோ. மரத்தின் ஓரத்தில் சற்று ஏறினாலும் பரவாயில்லை. அடுத்து வரும் அடர்நிறம் அதை மூடிவிடும். சொரசொரப்பான சுவரில் நேர்கோடு பிடிப்பது கடினம், பலகையின் விளிம்பில் எளிது என்பதால்தான் இந்த வரிசை. அதன்பின் சட்டங்கள், ஜன்னல்கள், கடைசியில் கதவு. ஸ்பிரே அடிக்க ஒப்பந்தக்காரர் முன்வந்தால், செங்கல்லையும் ஈயக் கண்ணாடியையும் எப்படி மூடப்போகிறார் என்று கேளுங்கள். செங்கல்லின் துளைகளில் இறங்கிய பெயின்ட் துளிகளை எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

வெயில் நேராக விழும் சுவரில் பூசாமல், நிழல் நகர்வதைப் பின்தொடர்ந்து பூச வேண்டும். சூடான பரப்பில் பெயின்ட் பரவும் முன்பே காய்ந்து தூரிகைத் தடம் நிற்கும். அடர்நிறத்தில் அது நன்றாகவே தெரியும்.

12. குறித்து வைக்க வேண்டியவை

நிறத்தின் பெயர், எண், நிறுவனம், பூச்சின் வகை, கடையில் டப்பாமேல் ஒட்டிய கலவைச் சீட்டின் படம், எந்தச் சுவர் எந்த மாதம் பூசப்பட்டது என்ற விவரம் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் சிறிதளவை இறுக மூடி, உறையாத இடத்தில் வையுங்கள்; நீர் அடிப்படைப் பெயின்ட் ஒருமுறை உறைந்தால் பெரும்பாலும் கெட்டுப்போகும்.

முதல் குளிர்காலம் முடிந்ததும் ஏணியை எடுத்து, தெற்கு மேற்கு முகங்களில் கிடைமட்டச் சட்டங்களின் மேல்விளிம்பை மட்டும் பாருங்கள். சீலண்ட் விட்டிருந்தால் அங்கேதான் முதலில் விட்டிருக்கும். அந்த வசந்தத்திலேயே அதைச் சரிசெய்து, மிச்சம் வைத்த பெயின்ட்டால் ஒரு கை தொட்டுவிடலாம்.